மொட்டைக் கட்டிடத்தின் வாய்

பகலில் தூங்குகிற மனிதர் இருக்கும் வீட்டில் மற்றவர்கள் எப்படி நடமாட வேண்டும் என்பது தையலக்காவுக்குக் கைவந்த வித்தை. கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனுக்குக் கடைசி பஸ் ஷிப்ட்டுதான். வெயில் சாய்ந்ததும் பணிமனைக்குப் போவார். ஊர் அடங்கும்வரை ஓட்டுவார். பணிமனை பெஞ்சிலேயே கொஞ்சம் சாய்ந்திருந்துவிட்டு விடிந்தபின் வீடு வருவார். குளித்து, சுடுசோற்றில் ஒரு முட்டையைப் பொரித்துப் போட்டுச் சாப்பிட்டுப் படுத்தால் அவருக்கு ராத்திரி ஆரம்பம், அவளுக்குப் பகல் ஆரம்பம்.

முன்னறையில் அவள் துணி தைப்பாள். பின்னறையில் அவர் தூங்குவார். நடுவில் ஒரு திரைச்சீலை. மெஷின் கால்களுக்கு அடியில் பழைய டயரை வெட்டி வைத்திருந்தாள். அழைப்பு மணியின் ஒயரை என்றைக்கோ பிடுங்கிவிட்டாள். துணி கொடுக்க வருகிறவர்கள் ஜன்னல் கம்பியை விரலால் தட்டுவார்கள், அளவைக் கிசுகிசுப்பாகச் சொல்வார்கள். பாத்திரத்தைத் தரையில் வைக்கும்போதுகூட அடியில் ஒரு துணி. அந்த வீட்டில் பிறந்த பெண்ணைப் பற்றித் தெருவில் ஒரு கேலி உண்டு: அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டுதான் அழும் என்று. அவள் இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். போனில்கூட மெதுவாகத்தான் பேசுவாள்.

இப்படிப் பார்த்துப் பார்த்துக் காத்த தூக்கத்தைத்தான் எதிரே வந்த கட்டிடம் ஒரே கோடையில் தின்று தீர்த்தது.

அங்கே முன்பு காகித கோடவுன் இருந்தது. இடித்தார்கள். அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்கத் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் இடையில் ஆள் இறங்குகிற பள்ளம். ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடந்து போகச் சொன்னார்கள். பள்ளத்துக்குள் கறுப்பும் ஆரஞ்சுமாகக் குழாய்களை அடுக்கினார்கள். குழாய்க்குள் நூலைவிட மெல்லிய கண்ணாடி இழை போகும் என்றும், பாதி ஊரின் பேச்சும் படமும் பணமும் அதற்குள்தான் ஓடும் என்றும் குழி தோண்ட வந்த மேஸ்திரி சொன்னார். இந்தத் தெருவுக்கு அதிலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று கேட்டதற்கு, குழாய் இந்த வழியாகப் போகிறது, அவ்வளவுதான் என்றார். பள்ளத்தை மூடினார்கள். மேலே போட்ட தார் மட்டும் கடைசிவரை சமமாகவில்லை. தெருவில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அந்த மேட்டில் ஏறி இறங்கி இன்றைக்கும் வைதுகொண்டுதான் போகிறார்கள்.

கட்டிடம் நாலு மாடி உயர்ந்தது. ஒரு ஜன்னல் இல்லை. வழவழவென்று சாம்பல் நிறச் சுவர். தெரு அதற்கு மொட்டைக் கட்டிடம் என்று பேர் வைத்தது. அதற்கு முகம் இல்லாமல் இல்லை. அகலமான அவென்யூ பக்கம் கண்ணாடிக் கதவு, புல்தரை, வரவேற்பில் சிரிக்கிற பெண் எல்லாம் இருந்தது. தெருப்பக்கம் இருந்தது அதன் முதுகு. ஒரு இரும்புக் கேட்டு, கேட்டுக்குப் பின்னால் மூன்று பெரிய ஜெனரேட்டர், பக்கத்தில் டீசல் தொட்டி.

அதில் தையலக்காவின் தம்பிக்கே வேலை கிடைத்தது. அப்பா அம்மா போனபின் அவள் வளர்த்த தம்பி. அவள் வீட்டு மொட்டை மாடியில் தகரம் போட்ட அறையில் இருந்தான். எலெக்ட்ரீஷியன் படிப்பு முடித்துவிட்டு வருஷக்கணக்கில் அங்கேயும் இங்கேயும் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தவன். ஜெனரேட்டர் ஆபரேட்டர் வேலை, மாதச் சம்பளம், நீலச் சட்டை. தெருவில் அவனுக்கு ஸ்விட்ச் என்றே பேர் வந்துவிட்டது. முதல் சம்பளத்தில் அக்காவுக்கு ஒரு நல்ல கத்திரிக்கோலும் மாமாவுக்கு ஒரு தலையணையும் வாங்கி வந்தான்.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று அவள் கேட்டபோது, பீரோ பீரோவாக வரிசையாக நிற்கிறது, எல்லாவற்றிலும் சின்னச் சின்ன விளக்கு மின்னுகிறது, ஸ்வெட்டர் போடாமல் நிற்க முடியாத குளிர் என்றான்.

“இன்டர்நெட்டு காத்துல வருதுன்னுல்ல நான் நெனச்சேன்.”

“காத்துல வர்றது கடைசி கொஞ்ச தூரம்தான்க்கா. மத்ததெல்லாம் மண்ணுக்குள்ள. அந்த பீரோவுங்களுக்கு ஒரு கண் சிமிட்டுற நேரம் கரண்ட் போகக் கூடாது. சூடும் ஆகக் கூடாது. அதுக்குத்தான் நாங்க.”

குழந்தையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள் போல என்று அவள் சிரித்தாள்.

கோடை வந்தது. அந்த வருஷ வெயிலுக்கு ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டியது. ஊரெல்லாம் ஏசி போட்டதில் மின்சாரம் தாங்கவில்லை. வெயில் ஏறியதும் தினமும் மணிக்கணக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். தெருவில் மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓயும். அந்த அமைதி முழுதாக விழுவதற்குள் மொட்டைக் கட்டிடத்தின் முதுகு உறுமத் தொடங்கும்.

முதலில் அது தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. திடீரென்று ஒரு வாரம் சத்தம் இரண்டு மடங்கானது. மேஜைமேல் வைத்த கத்திரிக்கோல் தானாக நகர்ந்தது. ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடித்தது. சூடான காற்றும் டீசல் புகையும் நேராக வீட்டுக்குள் அடித்தன. கொடியில் உலர்த்திய துணியில் கரிப்பொட்டு. கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த வெள்ளைத் துணியை அவள் அலசி அலசிக் கையே வெளுத்தது. புது ஜெனரேட்டர் வந்திருக்கிறதா என்று தம்பியைக் கேட்டாள். இல்லை என்றான். பிறகு ஏன் இப்படி என்றதற்கு, எனக்கென்னக்கா தெரியும், ஆன் பண்ணச் சொன்னால் ஆன் பண்ணுகிறேன் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே தலை நிமிராமல் சொன்னான்.

அவள் புருஷன் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தார். காதில் பஞ்சு வைத்தார். ஈரத்துண்டைத் தலையில் சுற்றினார். பாயைச் சுருட்டிக்கொண்டு சமையல் மேடைக்குக் கீழே படுத்தார். பணிமனை ஓய்வறைக்குப் போனார். அங்கே சீட்டு விளையாடுகிறவர்களின் சத்தம். நூலகத்தில் உட்கார்ந்தபடி தூங்கப் பார்த்தார். காவலாள் எழுப்பி அனுப்பினார். ஷிப்ட்டு மாற்றிக் கேட்டார், லீவு கேட்டார். வரிசையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், பொறுத்திருங்கள் என்றார்கள். வாழ்நாளில் அவளிடம் குரல் உயர்த்தாத மனிதர் ஒருநாள் தண்ணீர்ச் சொம்பைச் சுவரில் வீசினார். பிறகு அவரே போய்த் தரையைத் துடைத்தார்.

தையலக்கா கட்டிடத்துக்குப் புகார் கொண்டு போனாள். பின்கேட்டில் புகார் வாங்க மாட்டார்களாம். சுற்றிக்கொண்டு அவென்யூ பக்கம் போனாள். வரவேற்பில் சிரிக்கிற பெண் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள். சில நாள் கழித்து அங்கிருந்து ஒரு ஆள் கையில் சத்தம் அளக்கும் கருவியோடு வந்தான். காலை நேரம், தெருவில் கரண்ட் இருந்தது, ஜெனரேட்டர் ஓடவில்லை. கருவியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தான். சத்தம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்றான்.

“இப்ப சத்தமே இல்லையே தம்பி. மத்தியானம் வாங்க.”

மத்தியானம் வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்க வேண்டும் என்று அவள் அன்று முழுக்கப் பொருமினாள்.

அந்த வாரம்தான் அது நடந்தது.

மாலை, முதல் நடை. ஆபீஸ் விட்டு ஜனங்கள் நிரம்பிய பஸ். வளைவில் திரும்பி நிறுத்தத்தை நெருங்கும்போது அவருக்குக் கண் சொருகியது. ஒரு மூச்சு நேரம்தான். பஸ் நடைபாதையில் ஏறியது. ஜனங்கள் சிதறி ஓடினார்கள். ஓட முடியாதவள் ஒருத்திதான். நிறுத்தத்தில் கூடை வைத்துப் பழம் விற்கிறவள். அவள் கால்மேல் நிழற்குடைத் தூண் சாய்ந்தது. தொடை எலும்பு முறிந்தது. ரோடெல்லாம் பழம் உருண்டது என்றும், டிரைவர் இறங்கி வந்து அந்தம்மாவைத் தூக்காமல் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார் என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சங்கத்துத் தலைவர் வீட்டுக்கு வந்து, விசாரணையில் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், மெக்கானிக்கிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். நல்ல மனிதர், நல்லதுக்குத்தான் சொன்னார். 

“பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு தலைவரே. நான் மிதிக்கல. கண் அசந்துட்டேன்.”

“அதைச் சொன்னா வேலை போயிடும்பா.”

“பொய் சொன்னா அந்த மெக்கானிக் வேலை போயிடும். அவனுக்கும் பிள்ளைங்க இருக்கு.”

தலைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். விசாரணை மேஜையில் டிரைவர் அப்படியே சொன்னார். ஏன் தூங்கவில்லை என்று கேட்டார்கள். எதிர்க் கட்டிடத்து ஜெனரேட்டர் என்றார். இந்த விசாரணை உங்களைப் பற்றியது, கட்டிடத்தைப் பற்றியது இல்லை என்று அதிகாரி அடுத்த கேள்விக்குப் போனார்.

தையலக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் வருகிறேன் என்றார், ஆனால் வாசல்வரை வந்துவிட்டுக் கால் எழாமல் நின்றுவிட்டார். அவள் மட்டும் போனாள். பழக்காரம்மா கால் முழுக்க மாவுக்கட்டோடு கிடந்தாள். பக்கத்தில் அவள் மகள். யார் என்று தெரிந்ததும் மகள் கையை நீட்டி வாசலைக் காட்டினாள். பழக்காரம்மாதான், இருடி, என்ன சொல்ல வந்திருக்காங்கன்னு கேப்போம் என்றாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டிடம், சத்தம், சமையல் மேடைக்குக் கீழே படுத்தது. சொல்லச் சொல்லத் தனக்கே அது சாக்குப்போல ஒலித்தது. பழக்காரம்மா கடைசிவரை கேட்டாள்.

“தூக்கம் இல்லைன்னு தெரிஞ்சே ஏன் வண்டிய எடுத்தாரு?”

“லீவு குடுக்கல.”

“லீவு குடுக்கலைன்னா எங்கமேல ஏத்திடறதா? சத்தம் போட்டாங்க, தூங்கல, ஏத்திட்டாருன்னு நீ சொல்றே. நான் யாருகிட்டம்மா போய்க் கேக்குறது? அந்தக் கட்டிடத்துகிட்டயா?”

  பழக்காரம்மாவே மேலும், நான் எழுந்து உட்கார ஆரம்பித்ததும் உன் வீட்டுக்கு வருவேன், சத்தம் வருகிற நேரத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், நீ சொல்வது பொய்யாக இருந்தால் ஊரைக் கூட்டுவேன் என்றாள்.

“கரண்ட் போற நேரமா வாங்கம்மா,” என்று விலாசம் சொல்லிவிட்டு வந்தாள்.

வருகிற வழியில் அவளுக்குக் கோபம் வந்தது. பழக்காரம்மாமேல் இல்லை. இப்படி ஒருவர் கால் ஒடிந்து, ஒருவர் வேலை போய், இரண்டு ஏழைகள் ஒருவரையொருவர் யார் குற்றம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, எதிலுமே சேராமல் வழவழவென்று நிற்கிறதே, அந்தச் சுவர்மேல். நேராக அவென்யூ பக்கம் போனாள். இந்த முறை தண்ணீர் வேண்டாம் என்றாள், மேனேஜரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்றாள்.

மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார். அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. சுவர்க் கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது. விபத்துக்கு ரொம்ப வருத்தப்படுவதாகச் சொன்னார். ஆனால் அதற்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றார். ஜெனரேட்டர்மேல் சத்தம் அடக்கும் உறை போடலாமே என்று கேட்டதற்கு, அடுத்த வருஷத் திட்டத்தில் இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, உங்கள் தம்பி இங்கே நன்றாக வேலை செய்கிறார், அதையும் யோசியுங்கள் என்றார்.

அந்த வார்த்தையோடு அவள் எழுந்து வந்துவிட்டாள். டிரைவருக்குச் சம்பளம் நின்றிருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது தம்பியின் நீலச் சட்டையால். குனியக் குனியக் குட்டுகிறார்கள் என்று தெரிந்தும் அவளால் நிமிர முடியவில்லை. இதையெல்லாம் கேட்ட தம்பி எழுந்து மாடிக்குப் போனான். அன்று அவன் சாப்பிடவில்லை.

கோடையின் உச்சத்தில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மாற்றுவதற்கு நாளாகும் என்றார்கள். இனி கரண்ட் போகிற நேரம், வருகிற நேரம் என்று இல்லை. விடிந்ததிலிருந்து மூன்று ஜெனரேட்டரும் நிற்காமல் ஓடின. தெருவில் யாரும் சாதாரணக் குரலில் பேச முடியவில்லை. கைக்குழந்தைகள் அழுது அழுது ஓய்ந்தன. உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டில் பருப்பு கொடுத்தார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் டிரைவர் எழுந்தார். சட்டைகூடப் போடவில்லை. கயிற்றுக்கட்டிலைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். தெரு நடுவில், அந்தத் தார் மேட்டில் போட்டார். என்னங்க செய்றீங்க என்று அவள் பின்னாலேயே ஓடினாள்.

“உள்ள படுத்தாலும் தூக்கம் இல்ல. வெளிய படுத்தாலும் இல்ல. இங்க காத்தாவது வரும்.”

கட்டிலில் மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டார். அவரிடம் எந்தத் திட்டமும் இருக்கவில்லை. ஆனால் ஜெனரேட்டர்களுக்கு டீசல் தீர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து டீசல் லாரி தெருவுக்குள் திரும்பியது. ஹாரன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த வீட்டிலிருந்து இன்னொரு நாற்காலி வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரு அடைபட்டது.

லாரிக்காரர் இறங்கி வந்தார். என்ன விஷயம் என்று தையலக்காவின் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். அவள் கத்திச் சொன்னாள். அவர் கட்டிலில் கிடந்த மனிதரின் சிவந்த கண்ணைப் பார்த்தார். திரும்பிப் போய் லாரியின் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினார். டயர் நிழலில் உட்கார்ந்து, நானும் டிரைவர்தான்மா, எனக்கு அவசரம் இல்லை என்று சைகை காட்டினார்.

அப்போதுதான் ஆட்டோ வந்தது. டிரான்ஸ்பார்மர் வெடித்த சேதி கேட்டு, இதுதான் சமயம் என்று பழக்காரம்மா மகளை அழைத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். மகளும் தையலக்காவும் இரண்டு பக்கமும் தாங்கிப் பின்னறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். சுவர் அதிர்ந்தது. புகை கண்ணைக் கரித்தது. சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. பழக்காரம்மா கொஞ்ச நேரம் அந்தச் சொம்பையே பார்த்தாள். பிறகு, என்னை வெளியே கொண்டு போ என்றாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் டிரைவர் துள்ளி எழுந்தார். கும்பிட எடுத்த கையைக் கூப்பவும் இல்லை, இறக்கவும் இல்லை.

“நான்தாம்மா அது.”

“தெரியும். கண்ணாடிக்குப் பின்னால கண்ணை மூடிட்டு வந்த மூஞ்சி. மறக்குமா?”

அவர் தலை குனிந்தார்.

“உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதே. அது வேற. தள்ளு, நான் உக்காரணும்.”

கட்டிலில் உட்கார்ந்து மாவுக்கட்டுக் காலை லாரிக்கு நேராக நீட்டினாள். ஏற்கெனவே ஒரு வண்டி ஒடித்த கால்தானே, இதுவும் ஏறட்டும் என்றாள்.

மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். கூடவே ஒரு போலீஸ்காரரும் வந்தார். பின்கேட்டுப் பக்கம் மேனேஜரைத் தெரு அன்றுதான் முதன்முறை பார்த்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். தொட்டியில் இன்னும் கொஞ்சம்தான் டீசல் இருக்கிறது, வழி விடுங்கள், இந்தக் கட்டிடம் நின்றால் பேங்க் நின்றுவிடும், ஆஸ்பத்திரிகள் நின்றுவிடும், உயிர் போகிற விஷயம் என்று தொண்டை கிழியக் கத்தினார்.

“நான் ஆஸ்பத்திரிலேர்ந்துதான் தம்பி வர்றேன்,” என்றாள் பழக்காரம்மா. “அங்க கரண்ட் போனப்ப நர்ஸம்மா செல்லு வெளிச்சத்துலதான் எனக்கு ஊசி போட்டுச்சு. உங்க மெஷினு அங்க வந்து யாருக்கும் விளக்குப் பிடிக்கல. உயிரைப் பத்தி என்கிட்ட பேசாதே.”

மேனேஜர் கேட்டுப் பக்கம் திரும்பினார். உள்ளே டீசல் குழாயோடு காத்து நின்ற தம்பியைக் கூப்பிட்டார். உன் அக்காதானே, நீ சொன்னால் கேட்பார்கள், சொல் என்றார்.

தம்பி வெளியே வந்தான். அக்காவைப் பார்க்கவில்லை. போலீஸ்காரரைப் பார்த்தான்.

“சார், புகையும் சூட்டுக் காத்தும் வெளிய தள்ற இந்த வாய் முதல்ல இந்தப் பக்கம் இல்ல. அவென்யூ பக்கம் பார்த்து இருந்துச்சு. அங்க இருக்குற பெரிய அடுக்குமாடிக்காரங்க ஒரு போன் போட்டாங்க. அந்த வாரமே வாயைத் தெருப்பக்கம் திருப்பச் சொன்னாரு இவரு. திருப்பினது நான். ஒவ்வொரு போல்ட்டா கழட்டி, எங்க அக்கா ஜன்னலுக்கு நேரா வெச்சு, நானே முடுக்கினேன்.”

ஜெனரேட்டர் சத்தத்திலும் அது எல்லாருக்கும் கேட்டது.  சத்தம் இரண்டு மடங்கான அந்த வாரம். எனக்கென்னக்கா தெரியும் என்று அவன் சோற்றைப் பிசைந்த அந்த வேளை. தையலக்கா அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள். டிரைவர்தான் போய் அவன் தோளில் கை வைத்தார். சரி மச்சான், சொல்லிட்டேல்ல என்றார்.

போலீஸ்காரர் புகையில் இருமினார். தெருக்காரர்களை அப்புறப்படுத்த வந்தவர், மேனேஜரிடம், திருப்பி வைத்ததை மறுபடியும் திருப்ப எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். அந்தப் பக்கம் திருப்ப முடியாது, அடுக்குமாடிக்காரர்கள் வழக்குப் போடுவார்கள் என்றார் மேனேஜர். இந்தப் பக்கம்தான் வழக்குப் போட ஆள் இல்லையா என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு வரவில்லை.

“மூணாவது பக்கம் ஒண்ணு இருக்கு சார்,” என்றான் தம்பி. “நம்ம மேனேஜர் ஆபீஸ் பக்கம்.”

உறை போடுகிறேன், சீக்கிரம் போடுகிறேன் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்தார். பழக்காரம்மா அசையவில்லை. வாயைத் திருப்புங்கள், அப்புறம் லாரி போகட்டும் என்றாள். டீசல் தொட்டியின் அளவு முள் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு ஜெனரேட்டரை நிறுத்தி, வாயைத் திருப்பி, அதை ஓட்டிவிட்டு அடுத்ததை நிறுத்தி என்று அந்த வெயிலிலேயே வேலை நடந்தது. கொதிக்கிற தகரத்தைக் கோணித் துணியால் பிடித்துக்கொண்டு தம்பிதான் ஸ்பேனரைத் திருகினான். மூன்றாவது வாயும் திரும்பியபோது தெருவில் விழுந்த அமைதியில் ஒரு குழந்தையின் விக்கல் கேட்டது. அதன்பிறகுதான் பழக்காரம்மா காலை மடக்கிக்கொள்ளச் சம்மதித்தாள். லாரிக்காரர் கட்டிலை ஒரு பக்கம் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்று தையலக்கா தம்பியோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். மறுநாளும் அப்படித்தான். அவனுக்கு வேலை போய்விட்டது என்று தெரிந்த அன்றுதான் அவன் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள். அன்றைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா என்றாள். சொல்லியிருந்தா சம்பளம் நின்னிருக்கும்க்கா என்றான். இப்ப மட்டும் என்ன என்று அவள் கேட்டாள். அவன் அழுதான். அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அடுத்த வருஷத் திட்டத்தில் இருந்த உறை ஒரு மாதத்துக்குள் வந்து இறங்கியது. சத்தம் மேனேஜரின் காதில் விழுந்ததும் திட்டத்துக்கெல்லாம் கால் முளைத்துவிட்டது. மூன்று ஜெனரேட்டரையும் மூடித் தடித்த வெள்ளைக் கூண்டு. இத்தனை சுலபமாகச் செய்யக்கூடிய ஒன்றையா இத்தனை நாள் செய்யாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் தெருவுக்கு ஆறவில்லை.

டிரைவருக்கு ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கவில்லை. தூங்கியதை ஒப்புக்கொண்டவர் கையில் ஜனங்களைக் கொடுக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். பணிமனையில் டயர் கிடங்கில் போட்டார்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை. அவர் அதில் குறை சொல்லவில்லை. அவர்கள் எழுதினது சரிதானே என்றார். அவளால்தான் பொறுக்க முடியவில்லை. தூங்கவிடாதவர்களைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பழக்கூடையைச் சுமந்துகொண்டுபோய் நிறுத்தத்தில் இறக்கி வைத்தார். பழக்காரம்மா கோல் ஊன்றிப் பின்னால் வந்தாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

உறைக்கு ஒரு திறப்பு விழா வைத்தார்கள். தெரு நெடுக நாற்காலி போட்டார்கள். பின்கேட்டில் சிவப்பு ரிப்பன். சுற்றுவட்டார மக்களின் நலன் கருதி நிறுவனம் தானாக முன்வந்து அமைத்தது என்று ஒரு பலகை. மேனேஜர் தையலக்காவின் வீட்டுக்கே வந்து அழைத்தார். தெருவின் சார்பில் நீங்கள்தான் ரிப்பன் வெட்ட வேண்டும் என்றார். தட்டில் புதுக் கத்திரிக்கோல் வைத்து நீட்டினார்கள். போட்டோ எடுக்கிறவர் சிரிக்கச் சொன்னார்.

அவள் கத்திரிக்கோலைத் தொடவில்லை.

“மொதல்ல அந்தம்மா காலை ஒட்டிக் குடுங்க. எங்க வீட்டுக்காரர் வேலையையும் ஒட்டிக் குடுங்க. அப்புறம் நான் வந்து வெட்டுறேன்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் வெளியே கைதட்டல் கேட்டது. யாரோ வெட்டிவிட்டார்கள்.

அந்தப் போட்டோ அன்று சாயங்காலமே ஊரெல்லாம் போனது. அதே தெருவுக்கு அடியில் கிடக்கிற குழாய் வழியாகத்தான் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பழக்காரம்மாவின் மகள் நிறுத்தத்துக்கு வந்து அதைத் தன் செல்லில் காட்டினாள். பக்கத்தில் கூடையைக் கட்டிக்கொண்டிருந்த டிரைவரும் குனிந்து பார்த்தார். வெள்ளைக் கூண்டு, பலகை, ரிப்பன், மேனேஜர், வரவேற்புப் பெண்ணின் சிரிப்பு. பழக்காரம்மா செல்லைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், எட்டக் கொண்டுபோனாள்.

“இதுல நம்மள்ல ஒருத்தருமே இல்லையே,” என்றாள்.

“இல்லம்மா,” என்றார் டிரைவர்.

செல்லை மகளிடம் கொடுத்துவிட்டு, பஸ் வருகிறது, காலைத் தள்ளி வை என்று அவரை அதட்டினாள்.